சித்திரையிலும் முழுக்கைச் சட்டை

2011 ஜூன் மாதம், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உள்ள மனநல மருத்துவமனை ஒன்றில் மார்ஷா லினஹன் பேசினார். அப்போது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார் அவர். தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்பவர்களுக்கு இன்று உலகெங்கும் தரப்படும் சிகிச்சையை வகுத்தவர். 1961இல், 17 வயதில், தானே ஒரு நோயாளியாக அந்த மருத்துவமனைக்குள் வந்ததை அன்று எல்லோர் முன்னிலும் சொன்னார். உடம்பைக் காயப்படுத்திக்கொண்டே இருந்ததால் தனியறையில் அடைத்திருக்கிறார்கள். மருந்து, மின்னதிர்ச்சி எதற்கும் அடங்கவில்லை. பின்னாளில் அவரிடம் சிகிச்சைக்கு வந்து, அவருடைய தழும்புகளைப் பார்த்த ஒரு நோயாளி, நீங்களும் எங்களில் ஒருவரா என்று கேட்டது அவரை விடவில்லை. அதனால்தான் பேசத் துணிந்தார்.

வெளிப்படையாகச் சொல்ல அவருக்கே ஐம்பது ஆண்டுகள் ஆயின. நம் வீட்டில் பதினான்கு வயதுப் பிள்ளை சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் திரிகிறது என்றால், அதுவாக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க முடியுமா?

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கணக்கின்படி, பதின்பருவத்தினரில் சுமார் 17 சதவீதம் பேர் சாகும் எண்ணமின்றி ஒருமுறையாவது தங்களைக் காயப்படுத்திக்கொண்டவர்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் ஆறேழு பேர். ஆண் பிள்ளைகளும் இதில் உண்டு. அவர்களுடைய காயத்தைக் கோபம் என்றோ விளையாட்டில் பட்டது என்றோ நாம் கடந்துவிடுகிறோம்.

வலியைத் தேடிப் போவானேன்? தலையில் சுமந்துவந்த விறகுக்கட்டை இறக்கியதும், சுமக்கும் முன் இருந்ததைவிட உடம்பு லேசாகிவிட்டதுபோல் இருக்குமே, அந்த அனுபவத்தில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. வலி குறையத் தொடங்கும்போது மூளை பழைய நிலைக்கு மட்டும் திரும்புவதில்லை, சற்று நேரம் அதைவிட நிம்மதியான நிலைக்குப் போகிறது. உடல் வலியையும் மன வேதனையையும் கையாளும் மூளைப் பகுதிகள் ஓரளவு ஒன்றே என்பதால், மனத்தின் கொதிப்பும் கூடவே தணிகிறது. ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். பின்னாலேயே வெட்கமும் குற்றவுணர்வும் வந்து, பழைய வேதனையோடு சேர்ந்துகொள்கின்றன. மூளையோ அந்தச் சில நிமிட நிம்மதியை மட்டும் பாடமாகப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த நெருக்கடியில் அதே வழியைக் காட்டுகிறது. வேறு சிலருக்கு மனம் மரத்துப்போயிருக்கும், எதையாவது உணர்ந்தால் போதும் என்றிருக்கும். இன்னும் சிலர் தங்களைத் தாங்களே தண்டித்துக்கொள்கிறார்கள்.

இதைப் போய் ‘சீன் போடுறா’ என்கிறோம். சீன் போடுகிறவள் சட்டைக் கையை ஏன் இழுத்து மூடுகிறாள்?

பெரும்பாலும் இது சாவதற்கான முயற்சி அல்ல. ஆனாலும் இப்படிச் செய்பவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து கூடுதல். ஆகவே ‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. ‘போலீஸ் கேஸ் ஆகிடும்’ என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

லினஹன் வகுத்த சிகிச்சைக்கு டி.பி.டி. என்று பெயர். உன் வேதனை நியாயமானது என்று முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அதைத் தாங்க வேறு வழிகளைப் பழக்குவது அதன் சாரம். இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் காயப்படுத்திக்கொள்வது குறைந்ததை 1991இல் வெளியான ஆய்விலேயே அவர் காட்டினார். இந்தச் சிகிச்சையில் ஒரு பயிற்சி மிக எளியது: மூச்சை அடக்கி, குளிர்ந்த நீரில் சில நொடிகள் முகத்தை அமிழ்த்துவது. நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கும் அனிச்சைச் செயல் நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. முகத்தில் குளிர் பட்டால் அது விழித்துக்கொள்கிறது, படபடப்பு இறங்குகிறது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

வீட்டில் காயத்தைப் பார்த்துவிட்டால்? ‘என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு, இனிமே செய்ய மாட்டேன்னு’ என்று அம்மா அழுவது இயல்புதான். ஆனால் அந்தச் சத்தியம் காயத்தை நிறுத்துவதில்லை. மீறிவிட்டால் சொல்லவும் வழியில்லாமல், அடுத்த காயத்தை இன்னும் ஆழமாக ஒளித்துவைக்கத்தான் பிள்ளை பழகும். காயம் ஆழமாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து வைத்துக் கட்டுங்கள். ஏன் செய்தாய் என்பது அப்புறம் இருக்கட்டும். கட்டுப்போடும்போது, ‘ரொம்ப வலிக்குதா கண்ணு? நான் திட்ட மாட்டேன். சொல்லணும்னு தோணுறப்போ சொல்லு’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அன்றே பதில் வராமல் போகலாம். மறுநாளும் பக்கத்தில் உட்காருங்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகத் தயக்கமாக இருந்தால், முதலில் நீங்களே 14416க்கு அழைத்துப் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104க்கும் அழைக்கலாம்.