சிறுதொழிலும் மென்பொருளும் – 5: சிங்கப்பூர் மானியங்களின் பாடம்

சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்களில் 99 விழுக்காடு சிறிய, நடுத்தர நிறுவனங்கள். அந்நாட்டு வேலைகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு அவற்றிடம்தான் இருக்கின்றன. நிலமும் ஆள்பலமும் குறைந்த அந்தத் தீவில் உற்பத்தித்திறன் உயர வேண்டுமானால், கடையின் சரக்கு இருப்பும் உணவகத்தின் பில்லும் பட்டறையின் சம்பளப் பட்டியலும் நோட்டுப் புத்தகத்திலிருந்து மென்பொருளுக்கு மாறியாக வேண்டும். இதற்காக அந்நாட்டு அரசு 2010 முதல் பல வழிகளில் உதவி வருகிறது. எவ்வளவு பணம் தரப்படுகிறது என்பதைவிட, எந்தப் பொருளுக்கு, எந்தக் கட்டத்தில், யார் சரிபார்த்த பிறகு தரப்படுகிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்பது இந்த அனுபவத்தின் சாரம்.

வரிச்சலுகையில் தொடக்கம்

2010 வரவுசெலவுத் திட்டத்தில் உற்பத்தித்திறன், புத்தாக்கச் சலுகை அறிவிக்கப்பட்டது. தானியக்கக் கருவிகள், ஊழியர் பயிற்சி, ஆராய்ச்சி, வடிவமைப்பு உள்ளிட்ட ஆறு வகைச் செலவுகள் இதில் அடங்கின. மென்பொருள் வாங்குவதும் தானியக்கச் செலவாகவே கருதப்பட்டது. பின்னர் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 100 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவிட்ட நிறுவனம், வரிக்குரிய வருமானத்தில் 400 வெள்ளியைக் கழித்துக்கொள்ள முடிந்தது. லாபமே இல்லாத சிறு கடைக்கு வரிக்கழிவால் பயனில்லை. எனவே அதற்குப் பதிலாக ரொக்கம் பெறும் வழியும் இருந்தது. அந்த விகிதமும் பின்னர் உயர்ந்து, ஆண்டுக்கு 1,00,000 வெள்ளி வரையிலான செலவில் 60 விழுக்காடு கைக்கு வந்தது.

கதவு அகலமாகத் திறந்திருந்ததே இத்திட்டத்தின் பலமும் பலவீனமும். வாங்கிய பொருள் அந்தத் தொழிலுக்கு ஏற்றதுதானா என்று முன்கூட்டியே பார்க்க யாரும் இல்லை. போலி விலைப்பட்டியல் காட்டியும், வேலை செய்யாதவர்களை ஊழியர்களாகக் கணக்குக் காட்டியும் ரொக்கம் பெற முயன்றவர்கள் மீது வரி ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. 2016 ஆகஸ்ட்டில் ரொக்க விகிதம் 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2018 வரி மதிப்பீட்டு ஆண்டுடன் திட்டமே முடிவுக்கு வந்தது.

முன்னனுமதி பெற்ற மென்பொருள்

புதிய அணுகுமுறை 2017 ஏப்ரலில் தொடங்கியது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மின்னிலக்கத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. சில்லறை வணிகம், உணவுச் சேவை, தளவாடம், பாதுகாவல் என ஒவ்வொரு துறைக்கும் தனி வழிகாட்டி தயாரானது. தொழில் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப எந்த மென்பொருள் முதலில் தேவை, எது பிறகு போதும் என்று அது படிப்படியாகச் சொன்னது.

2018 ஏப்ரலில் உற்பத்தித்திறன் தீர்வுகளுக்கான மானியம் வந்தது. இம்முறை மென்பொருளும் விற்பனையாளரும் முன்கூட்டியே மதிப்பிடப்பட்டு, ஒப்புதல் பெற்ற தொகுப்புகள் பட்டியலிடப்பட்டன. கணக்கு, சரக்கு இருப்பு, பணியாளர் நிர்வாகம், வாடிக்கையாளர் தொடர்பு, விற்பனை முனையம் போன்றவை அதில் உள்ளன. மானியம் கோரும் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவாகி இயங்க வேண்டும். குறைந்தது 30 விழுக்காடு உள்நாட்டுப் பங்குரிமை வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வெள்ளிக்கு மேற்படாமலோ, ஊழியர் எண்ணிக்கை 200-க்கு மேற்படாமலோ இருக்க வேண்டும்.

பணம் நகரும் வரிசைதான் இங்கு முக்கியம். ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் வந்ததும் நிறுவனம் தன் பணத்தை விற்பனையாளருக்குச் செலுத்தி, மென்பொருளை நிறுவி, பயன்படுத்தத் தொடங்கி, ஆதாரங்களுடன் தொகையைத் திரும்பக் கேட்க வேண்டும். மானியம் முதலில் 70 விழுக்காடு வரை கிடைத்தது. கொரோனா காலத்தில் அது 80 ஆக உயர்ந்து, 2023-இலிருந்து பொதுவாக 50 ஆகக் குறைந்தது. 6,000 வெள்ளி மென்பொருளில் 3,000 வெள்ளி தன் கையிலிருந்து போகும்போது, தேவையற்றதை வாங்க வணிகர் யோசிப்பார். அப்படியும் விதிமீறலில் ஈடுபட்ட விற்பனையாளர்கள் திட்டத்திலிருந்து இடைநிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

தொடங்குபவருக்கும் உணவங்காடிக்காரருக்கும்

முழு விலையையும் முன்பணமாகப் போட முடியாத புதிய நிறுவனங்களுக்காக, 2019-இல் வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியே தொடக்கநிலைத் தொகுப்பு வந்தது. 18 மாத ஒப்பந்தத்தில் இரண்டு அடிப்படை மென்பொருள்களுக்குக் குறைந்தது 6 மாதக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது.

உணவங்காடிக் கடைக்காரர்களின் தேவை வேறு. பலர் முதியவர்கள், சில்லறைக் காசிலேயே வாழ்நாள் வியாபாரம் நடத்தியவர்கள். 2020 ஜூனில் அவர்களுக்கான தனித் திட்டம் தொடங்கியது. ஒரே கியூஆர் பலகையில் பல கட்டணச் செயலிகளையும் ஏற்கும் வசதி தரப்பட்டது. மாதம் குறைந்தது 20 மின்னணுக் கட்டணங்களைப் பெற்ற கடைக்கு மாதம் 300 வெள்ளி வீதம் ஐந்து மாதம் ஊக்கத்தொகை கிடைத்தது. மின்னிலக்கத் தூதர்கள் கடைக்கே சென்று சொல்லிக்கொடுத்தார்கள். கருவியை வைத்திருப்பதற்கு அல்ல, பயன்படுத்தியதற்கே பணம் என்பது இதன் நுட்பம்.

உதவியிலிருந்து விதிக்கு

ஒரு கடை மட்டும் மாறினால் பலன் பாதிதான். விலைப்பட்டியலைப் பெறுபவரும் அதே முறையில் இருந்தால்தான் மறுபடி தட்டச்சு செய்யும் வேலை ஒழியும். இதற்காக 2018-இல் சிங்கப்பூர், பெப்போல் என்ற பன்னாட்டு மின்-விலைப்பட்டியல் முறையின் ஆணையத்தை ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதலாக அமைத்தது. 2019-இல் நாடு தழுவிய வலையமைப்பு தொடங்கியது. 2025 நவம்பரிலிருந்து, தாமாக முன்வந்து பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யும் புதிய நிறுவனங்களுக்கு இவ்வழியில் விலைப்பட்டியல் தகவலை வரி ஆணையத்துக்கு அனுப்புவது கட்டாயமாக்கப்பட்டது.

மானியம் எட்டாத இடம்

மென்பொருள் இப்போது பெரும்பாலும் மாதச் சந்தா. மானியக் காலம் முடிந்த பின்னும் சந்தா தொடரும். பழைய கணக்கைப் புதிய முறைக்கு ஏற்றும் உழைப்பும், ஊழியர் பழகும்வரை ஏற்படும் தாமதமும் விலைப்பட்டியலில் வருவதில்லை. வேறு மென்பொருளுக்கு மாற நினைக்கும்போது சேர்ந்த தரவை எடுத்துச்செல்ல முடியுமா என்பதும் வாங்கும் நாளிலேயே கேட்கப்பட வேண்டியது. அரசு விலையில் பாதியைத் தாங்கலாம். விற்பனையாளரை வடிகட்டித் தரலாம். எந்த வேலை மென்பொருளுக்குப் போக வேண்டும், மிச்சமாகும் நேரத்தில் ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்ற தீர்மானம் கடை உரிமையாளருடையது. அந்தத் தீர்மானத்தை முதலில் எடுத்துவிட்டு விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்கே மானியம் முழுப் பயன் தருகிறது.

(தொடரும்)