தமிழ்ச் சங்கங்களும் நூலாக்கமும்: மதுரையும் கரந்தையும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுவார் நூல்களை நிரல்படுத்துவர். ஆசிரியர்தம் வாழ்க்கையை விளக்குவர். இதழ்களின் பெயர்களைச் சுட்டுவர். ஆயின், அந்நூல்கள் எந்த அவையில் முதற்கண் கேட்கப்பெற்றன, எவர் முயற்சியால் அச்சேறின, எந்த நூல்நிலையத்தின் ஏடுகள் அவற்றிற்குத் துணைநின்றன என்னும் வினாக்களை அவர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை காணப் புகின், நாம் சென்றடையும் இடங்களுள் தலையாயவை தமிழ்ச் சங்கங்களே. அவற்றுள் மதுரைத் தமிழ்ச் சங்கம், கரந்தைத் தமிழ்ச் சங்கம் என்னும் இரண்டினை எடுத்துக்கொண்டு, ஒரு சங்கம் எழுதுவோர்க்கு எவ்வாறு துணையாகின்றது என்பதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

புரவலரும் சங்கமும்

பண்டு புலவரைப் புரந்தோர் அரசரும் வள்ளல்களும் ஆவர். அவர்தம் கொடை ஒரு புலவரை நாடிச் சென்றது. அப்புலவரோடோ அவ்வள்ளலோடோ முடிந்தும் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சுப்பொறி நாடெங்கும் பரவியபோது, புலவர்க்கு வேண்டுவன பெருகின. உண்டியும் உடையும் மட்டும் போதா, ஒப்புநோக்க ஏட்டுச் சுவடிகள் வேண்டும், அச்சகம் வேண்டும், எழுதியதனைப் படித்துத் திருத்தம் கூறுவோர் வேண்டும், வாங்குவோரும் வேண்டும். இவையனைத்தையும் தனியொருவர் நெடுங்காலம் அளித்தல் அரிது. ஆகவே, கொடை ஓர் அமைப்பாக மாறவேண்டிய காலம் வந்தது. அம்மாற்றத்தின் வடிவமே சங்கம் என்க.

மதுரைத் தமிழ்ச் சங்கம்

பாலவனத்தம் சமீன்தாராகிய பாண்டித்துரைத் தேவர், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் துணையுடன், 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்த தேவர், திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டுமெனக் கேட்க, அவை அந்நகரில் எளிதிற் கிட்டாமையால் வருந்தினார் என்றும், அவ்வருத்தமே சங்கத்திற்கு வித்தாயிற்று என்றும் வழிவழியாகக் கூறுவர். இச்செய்தி எவ்வாறாயினும், சங்கத்தின் அமைப்பு அதற்கு இயையவே உள்ளது. செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சகம், 1902இல் தொடங்கிய 'செந்தமிழ்' என்னும் இதழ், பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் மூவகைத் தேர்வுகள் ஆகிய உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கி நின்றன. புத்தகசாலையில் ஏடு கண்டவர் இதழில் ஆராய்ச்சி எழுதினார்; இதழில் வெளிவந்தது அச்சகத்தில் நூலாயிற்று; நூல் தேர்வு எழுதுவோர் கைக்குச் சென்றது.

இச்சங்கம் பழைய நூல்களைப் பதிப்பித்ததோடு அமையவில்லை. தன் காலத்து ஆசிரியர்க்கும் கைகொடுத்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' இதற்குச் சான்றாகும். சென்னையில் ஆசிரியப் பணி புரிந்த அவர், அப்பெருந்தொகுதியை அச்சிடும் வழியறியாது பலரை நாடியும் பயன் பெற்றிலர். பாண்டித்துரைத் தேவரே முன்வந்து அதனை ஏற்க, 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக அது வெளிவந்தது. சங்கம் இன்றேல் அந்நூல் கையெழுத்துப்படியாகவே அழிந்திருத்தலும் கூடும். அத்தொகுதியை எடுத்துப் பொருள் காணும் மாணவர், அதனை அச்சேற்றிய அவையினையும் நினைத்தல் தகும்.

கரந்தைத் தமிழ்ச் சங்கம்

1911ஆம் ஆண்டு தமிழ்ச் சங்க வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு மே 14ஆம் நாள் தஞ்சையை அடுத்த கரந்தையில் த. வே. இராதாகிருட்டின பிள்ளையின் முயற்சியால் ஒரு சங்கம் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியில் பாண்டித்துரைத் தேவர் மறைந்தார்.

கரந்தைச் சங்கத்தின் தலைவராக முப்பதாண்டுகள் விளங்கியவர் த. வே. உமாமகேசுவரம் பிள்ளை. அவர் சமீன்தார் அல்லர், வழக்கறிஞர், கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபட்டு உழைத்தவர். பலர் சிறிது சிறிதாகச் சேர்க்கும் பொருளால் ஒரு பொதுப்பணி நிலைபெறும் என்னும் கூட்டுறவு நெறியும், சங்கத்தை நடத்திய நெறியும் வேறல்ல என்பது எம் கருத்து. 1925இல் சங்கம் 'தமிழ்ப்பொழில்' என்னும் இதழைத் தொடங்கியது. அதன் ஆசிரியர் 'பொழிற்றொண்டர்' எனப்பெற்றார். ஆசிரியப் பணியினைப் பதவியாகக் கருதாது தொண்டாகக் கருதிய மனப்பான்மையினை அப்பெயரே காட்டும். 1938இல் புலவர் கல்லூரியும் தோன்றியது.

1941இல் உமாமகேசுவரம் பிள்ளை வடநாட்டுச் செலவின்போது காலமானார். ஒரு சங்கத்தின் உண்மை வலிமை அதனைத் தாங்கிய தலைவர் மறைந்த பின்னரே அறியப்படும். அவ்வலிமையினைக் காட்டும் சான்று ஆறாண்டுகளில் கிடைத்தது. அதனைக் கூறுமுன், இரு சங்கங்களையும் இணைக்கும் ஒருவர் வரலாற்றினைக் காண்போம்.

விபுலாநந்தர் காட்டும் வழி

ஈழத்து மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். அறிவியல் பயின்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். கடல் கடந்து வாழ்ந்த ஓர் இளைஞரைத் தமிழ்ப் புலமையுலகிற்கு அறிமுகப்படுத்தியது சங்கத் தேர்வே. சங்கத்தை நிறுவியவர் மறைந்து ஐந்தாண்டு கழிந்த பின்னரும் தேர்வு தொடர்ந்து நடந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

1924இல் அச்சங்கத்தின் ஆண்டு விழாவில் அவர் நாடகத்தமிழ் பற்றி உரையாற்றினார். அவ்வுரையின் விரிவே 'மதங்க சூளாமணி' என்னும் நூலாய் 1926இல் சங்கத்தின் வெளியீடாக வந்தது. சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காணும் அந்நூல் ஒரு விழா அவையில் முளைத்ததாகும். பேசுக என ஓர் அவை அழைத்திராவிடின் அந்நூல் எழுந்திருக்குமோ என ஐயுறுதல் தவறன்று.

பின்னர் அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரையிலும், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943 முதலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். பழந்தமிழர் யாழ்க்கருவிகளின் அமைப்பினையும் பண்களின் இயல்பினையும் நெடுங்காலம் ஆராய்ந்து 'யாழ்நூல்' இயற்றினார். இசையும் கணிதமும் இலக்கணமும் ஒருங்கே அறிந்தார்க்கன்றி விளங்காத அந்நூல் விற்பனையை நோக்கி அச்சிடத்தக்கது அன்று. அதனை 1947இல் வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம்.

அவ்வாண்டு சூன் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. ஆராய்ச்சியின் பயனாகப் புதிதாக ஆக்கப்பெற்ற கருவிகள் புலவரும் பொதுமக்களும் சூழ ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பெற்றன. நூற்பொருளை ஏட்டில் மட்டுமன்றிச் செவியிலும் அவையோர் பெற்றனர். அடிகள் அப்போது உடல் நலிந்திருந்தார். அவ்வாண்டு சூலை 19ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அரங்கேற்றம் இரு திங்கள் தாழ்த்திருப்பின் தம் நூல் ஏற்கப்பெற்றதனை ஆசிரியர் கண்டிரார்.

சங்கங்களின் எல்லை

இங்ஙனம் கூறுவதால் சங்கங்கள் எல்லா எழுத்தாளர்க்கும் புகலிடமாயின என்று கொள்ளலாகாது. இவை பெரிதும் புலமை நெறியைச் சார்ந்தவை. சிறுகதை, நாவல் முதலிய புத்திலக்கியம் படைத்தோர் 1933இல் தோன்றிய 'மணிக்கொடி' முதலிய இதழ்களையும், நகரங்களில் அமைந்த நண்பர் குழுக்களையுமே நாடினர். அக்குழுக்களுக்குச் சொந்தக் கட்டடமோ நூல்நிலையமோ இருந்தமை அரிது. எனவே, இதழ் நின்றபோது குழுவும் கலைந்தது. சங்கங்களோ புத்திலக்கியத்தின் ஊக்கத்தினைப் பெறாது போயின. இருசாராரும் ஓரவையில் கூடியிருப்பின் தமிழ் உரைநடை வேறொரு வளர்ச்சி பெற்றிருக்கும் எனக் கருத இடமுண்டு. இக்குறையினை மறைத்துச் சங்கங்களைப் புகழ்தல் ஆராய்ச்சி நெறியாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் புலப்படுவன மூன்று. நூல்கள் தங்குதற்கு ஒரு மனையும், எழுத்து வெளிவருதற்கு ஓர் இதழும், கேட்டுத் தெளிதற்கு ஓர் அவையும் ஒருங்கே அமைந்தவிடத்து எழுதுவோர் வளர்கின்றனர் என்பது ஒன்று. இம்மூன்றும் ஒருவர் கொடையில் தொடங்கலாம். பலர் பொறுப்பில் அமைந்தாலன்றி நிலைபெறா என்பது மற்றொன்று. பல்கலைக்கழகம் புலமைக்கு இருக்கை தந்தது. அப்புலமையின் பயனை ஊரவர் நடத்திய சங்கம் உலகிற்கு அளித்தது என்பது மூன்றாவது.

மூன்றாவது முடிபு ஆராய்ச்சி மாணவர்க்கு ஒரு கடமையைச் சுட்டுகின்றது. நாம் 'செந்தமிழ்', 'தமிழ்ப்பொழில்' தொகுதிகளை மேற்கோள் எடுக்கும் சுரங்கமாகவே பயன்படுத்துகின்றோம். அவ்விதழ்களை நடத்திய சங்கங்களின் ஆண்டறிக்கை, உறுப்பினர் பட்டியல், வரவு செலவுக் கணக்கு, கடிதம் ஆகியவையும் இலக்கிய வரலாற்றுச் சான்றுகளே. பெயரளவில் மட்டும் அறியப்படும் சிற்றூர்ச் சங்கங்களுக்கு இவையன்றி வேறு சான்றில்லை. ஓலைச்சுவடி சில நூற்றாண்டு தாங்கும். பழைய அச்சுத்தாள் தொட்டவுடன் பொடியாகும். முன்னோர் வீடுதோறும் சென்று சுவடி தேடினர். நாம் சங்கந்தோறும் சென்று குறிப்பேடு தேடுதல் வேண்டும். அதுவும் காலந்தாழ்த்தாது செய்தல் வேண்டும்.