நாயோடு பேசும் கயிறு

மாலை வேளையில் எம்மூர் ஒழுங்கைகளிலே ஒரு காட்சியைக் காணலாம். முன்னே நாய், நடுவே வில்லின் நாண்போல் விறைத்த சங்கிலி, பின்னே தள்ளாடி வரும் எசமான். யார் யாரை உலாவ அழைத்துச் செல்கின்றனர் என்பது பார்ப்போர்க்கு விளங்குவதில்லை. எங்கள் வீட்டு ஜிம்மியும் இவ்வாறே இருந்தது. சென்ற ஆண்டு, குறுக்கே ஓடிய பூனையைத் துரத்தி அது பாய்ந்த வேகத்தில், சங்கிலியைப் பிடித்திருந்த என் தாயார் விழுந்து கைமுறிவுக்கு ஆளானார். நாயை யாருக்கேனும் கொடுத்துவிடுவதென வீட்டில் முடிவாயிற்று. மகளின் கண்ணீருக்காக ஒரு மாதத் தவணை கேட்டுப் பெற்றேன்.

நாய் இழுப்பது பிடிவாதத்தாலன்று. இழுத்தால் முன்னேறலாம் என்பதை நாமே அதற்குக் கற்பித்து விடுகின்றோம். ஒவ்வோர் இழுவைக்கும் நாம் ஓரடி வைக்கின்றோமல்லவா? அவ்வடியே அதற்குக் கிடைக்கும் கூலி. ஆகவே, கயிறு விறைத்தவுடன் மரம்போல் நின்றுவிடல் வேண்டும். பதிலுக்கு இழுத்தலாகாது, அதட்டலும் வேண்டாம். சிறிது பொறுத்தால் நாய் திரும்பிப் பார்க்கும், கயிறு தொய்யும். அக்கணமே நடக்க வேண்டும். தொய்ந்த கயிற்றோடு பக்கத்தில் வரும்போது இடையிடையே சிறு இறைச்சித் துண்டொன்று கொடுப்பது நலம். முதல் நாள் படலையிலிருந்து சந்திவரை செல்ல எமக்கு அரைமணி நேரம் பிடித்தது. அயலார் சிரித்தனர், சிரிக்கட்டும். வீட்டிலுள்ள அனைவரும் இம்முறையையே கைக்கொள்ளல் வேண்டும். ஒருவர் நிற்க, மற்றவர் இழுபட்டு ஓடினால் நாய் குழம்பிவிடும்.

கயிறு 6 அடி நீளமிருந்தாற் போதும். அதை விரல்களிற் சுற்றிக்கொள்வது ஆபத்து.

எதிரே வேறொரு நாய் வரக்கண்டதும் அச்சத்தால் நாம் கயிற்றைச் சுருக்குகின்றோம். அவ்விறுக்கம் நாய்க்கு ஒரு செய்தி: ஏதோ கேடு வருகிறது! நாய்கள் இயல்பாகச் சந்திக்கும்போது வளைந்து, பக்கவாட்டிலேயே ஒன்றையொன்று அணுகும். இறுகிய கயிறோ தலையை உயர்த்தி, மார்பை முன்தள்ளி, சண்டைக்கு அழைக்கும் தோற்றத்தை அதற்குத் தந்துவிடுகிறது. தொலைவிலேயே ஒதுங்கி, கயிற்றைத் தொய்யவிட்டு, வளைந்து செல்வதே தக்கது.

கழுத்தை நெரிக்கும் சங்கிலியை முன்னாளிற் பயிற்சியாளர் பலர் விதந்துரைத்தனர். அது மூச்சுக்குழலை நோகச் செய்யும். கழுத்தில் விழும் இழுவையால் கண்ணின் உள்ளழுத்தமும் கூடும். இழுக்கும் நாய்க்கு மார்பைச் சுற்றிக் கட்டும் வாரே நல்லது.

1916 ஆம் ஆண்டில், போரிற் கண்ணிழந்த வீரர்களுக்காக வழிகாட்டி நாய்களைப் பயிற்றும் பள்ளியொன்று ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் தொடங்கப்பட்டது. இன்று அத்தகைய நாயின் மார்புவாரில் ஒரு கைப்பிடி பொருத்தப்பட்டிருக்கும். நாய் நிற்பதையும் திரும்புவதையும் கண்ணிழந்தவர் அதன் வழியே கையால் அறிகின்றார். ஆம், நாயும் எமக்குச் சொல்கிறது. பட்டாசுச் சத்தம் கேட்டு ஜிம்மி தயங்குவதை, தொய்ந்த கயிற்றின் சிறு அசைவிலேயே நான் இப்போது அறிகின்றேன்.

தவணை முடிந்தபோது நாயைக் கொடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கை குணமான பின் என் தாயாரே கயிற்றைக் கேட்டு வாங்கினார். சந்திக்கு அப்பால் மட்டும் அவர் செல்வதில்லை.