ஏற்காட்டில் ஏன் பனியாறு இல்லை?

மார்கழியில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டுதான் ஏற்காடு ஏறுகிறோம். ஆனாலும் அங்கே ஒரு துண்டு பனிக்கட்டி தங்குவதில்லை. ஏன்? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்துச் சேலத்தின் சராசரி வெப்பம் 28 டிகிரி அளவில்; அது பூஜ்யமாக 4,500 மீட்டர் உயரமாவது வேண்டும். ஏற்காடு அமர்ந்திருக்கும் சேர்வராயன் மலையின் உச்சியோ 1,600 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது; கொல்லிமலை அதைவிடக் குள்ளம். வெப்பமண்டலம் என்பதால் மட்டுமல்ல: நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோவில் பனி கிடக்கிறதே!

பனியாறு உருவாக உயரம் மட்டும் போதாது. விழும் பனி, கோடையில் உருகுவதை மிஞ்ச வேண்டும். மிச்சம் ஆண்டாண்டாக அமுங்கிக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிந்து நகர வேண்டும். இந்தியாவில் அப்படி நடப்பது இமயத்திலும் காரகோரத்திலும்தான். காரகோரத்தின் சியாச்சின் பனியாறு 70 கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

கோடையில் கங்கைக்குக் கங்கோத்ரி பனியாறு உருகிக் கைகொடுக்கும். காவிரிக்கு அப்படி யாருமில்லை. குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்தால்தான் மேட்டூர் அணை நிரம்பும்.