உங்களுக்குத் தெரியுமா? கல்யாணம் முறிந்தாலும் கிரீன் கார்டு முறியாது!

விழுப்புரம் பக்கத்தில் திருவாமாத்தூர். அபிராமேஸ்வரர் கோயில் கொண்ட ஊர். அங்கே ஒரு வட்டப்பாறை இருக்கிறது. அதன் முன் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பியதே இல்லை என்பது நடுநாட்டு நம்பிக்கை!

ஒரு அண்ணன், ஒரு தம்பி, ஒரு சொத்துத் தகராறு. அண்ணன் தன் தடியைக் குடைந்து உள்ளே பொன்னை ஒளித்தான். "இதைக் கொஞ்சம் பிடி" என்று தடியைத் தம்பி கையிலேயே கொடுத்தான். "பொன் என்னிடம் இல்லை, தம்பியிடம்தான் இருக்கிறது" என்று சத்தியமும் செய்தான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை! ஆனாலும் ஊர் திரும்பும் வழியிலேயே நாகம் தீண்டிச் செத்தான் என்கிறது கதை. பாறை பார்த்தது மனசை!

இதே வட்டப்பாறைக் கணக்கு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்திலும் இருக்கிறது. நம்ப முடிகிறதா? சிட்டிசன் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு விவாகரத்து ஆகிவிட்டதா? அதிகாரி தேடுவது ஒன்றைத்தான். தாலி கட்டிக்கொண்ட அன்று மனசு உண்மையாக இருந்ததா?

உண்மையாக இருந்ததென்றால் கார்டு தங்கும். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணம் எத்தனை மாதம் நீடித்தாலும் சரி!

கல்யாணமாகி 2 ஆண்டு நிறையும் முன்பே கிரீன் கார்டு கிடைத்தால் அது நிபந்தனைக் கார்டு. ஆயுள் வெறும் 24 மாதம்! 2 ஆண்டு தாண்டிவிட்டால் 10 ஆண்டுக் கார்டு!

அந்த 2 ஆண்டை எந்தத் தேதியில் நிறுத்தி எண்ணுகிறார்கள் தெரியுமா? விசா குத்திய தேதியில் அல்ல. அமெரிக்க மண்ணில் கால் வைத்த தேதியில்! 2-ம் ஆண்டுக் கல்யாண நாளுக்கு முந்தின வாரம் இறங்கியவருக்கு 2 ஆண்டுக் கார்டு. கல்யாண நாளைக் கொண்டாடிவிட்டு மறுவாரம் இறங்கியவருக்கு 10 ஆண்டு!

நிபந்தனையை நீக்கும் படிவத்தின் பெயர் ஐ-751. புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கார்டு காலாவதியாகும் முன் வரும் கடைசி 90 நாளுக்குள் போட வேண்டும். போடாமலே விட்டால் அந்தஸ்து தானாகவே போய்விடும்!

விவாகரத்து ஆனவருக்கோ அந்த 90 நாள் கணக்கே கிடையாது! தனி ஆளாகப் போடலாம். முன்னால் போடலாம், பின்னால் போடலாம். முன்னாள் புருஷன் கையெழுத்தும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம்!

இந்த நிபந்தனைக் கார்டைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அதிபர் ரீகன். 1986 நவம்பர் 10 அன்று கையெழுத்திட்டார். அதே ரீகன்தான் 1969-ல் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்தபோது, யார் மீதும் குற்றம் சாட்டாமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டத்திலும் கையெழுத்திட்டவர். அமெரிக்காவிலேயே அதுதான் முதல்! இன்னும் கேளுங்கள். விவாகரத்தான ஒருவர் அமெரிக்க அதிபரானதும் அவரோடுதான் தொடங்கியது. மூன்றும் ஒரே ஆள்! இதைக் கண்டுபிடித்த அன்று நான் தூங்கவே இல்லை!

சட்டம் வருவதற்கு முன் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார்கள். குடியேற்றக் கல்யாணங்களில் 30 சதவீதம் போலியாம்! பிற்பாடு நீதிமன்றத்தில் அந்தக் கணக்கே நிற்கவில்லை. கணக்கு போனது, சட்டம் மட்டும் இன்றுவரை நிற்கிறது!

1986 சட்டத்தில் ஒரு கொடுமை இருந்தது. விவாகரத்து வாங்கியவர் வெளிநாட்டுத் துணையாகவே இருக்க வேண்டும், அதுவும் தக்க காரணத்தோடு வாங்கியிருக்க வேண்டும். புருஷன் முந்திக்கொண்டு வழக்குப் போட்டால் பெண் கதி அதோகதி! 4 ஆண்டு கழித்து, 1990-ல், அந்த வரியையே வெட்டி எறிந்தார்கள். யார் வழக்குப் போட்டது, யார் மேல் தப்பு என்ற கேள்வியே இன்று இல்லை!

அதே 1990-ல் இன்னொரு கதவும் திறந்தது. அடி, உதை, சித்திரவதை பட்டவர் விவாகரத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம், தனியாக மனுப் போடலாம். மற்றவர்களுக்குக் கட்டணம் 750 டாலர். இவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் பூஜ்யம்!

அடிபட்டவர் மனுப் போட்ட விஷயத்தை அதிகாரிகள் புருஷனிடம் மூச்சு விடக்கூடாது. புருஷன் சொல்வதை மட்டும் நம்பி மனுவைத் தள்ளவும் கூடாது. மீறும் அதிகாரிக்கு அபராதம் 5,000 டாலர் வரை!

"ஒரு போன் போட்டா உன் கார்டைப் பிடுங்கி ஊருக்கு அனுப்பிடுவேன்." இந்த மிரட்டலுக்குப் பயந்து எத்தனை பெண்கள் வாய் மூடி இருக்கிறார்கள்! புருஷனுக்கு அந்த அதிகாரம் துளியும் கிடையாது. குடியேற்றத் துறை மனுவைத் தள்ளினாலும் குடியேற்ற நீதிபதி முன் முதலிலிருந்து வாதாடலாம். உங்கள் வீட்டுப் பெண் அங்கே இருந்தால் இன்றைக்கே போனில் சொல்லுங்கள்!

மனுப் போட்டதும் ஒரு ரசீது வரும். சாதாரணக் காகிதம்தான். அது கார்டின் ஆயுளை எவ்வளவு நீட்டும் தெரியுமா? 2023 ஜனவரி முதல் 48 மாதம்! கார்டின் சொந்த ஆயுளைப் போல இரண்டு மடங்கு!

சேர்ந்து மனுப் போட்ட பிறகு பிரிந்தால்? புது மனு வேண்டாம். பழைய மனுவையே தனி மனுவாக மாற்றிக்கொள்ளலாம். விவாகரத்துத் தீர்ப்பைக் காட்ட 2009 வழிகாட்டுதல் கொடுத்த அவகாசம் 87 நாள்!

உண்மைக் கல்யாணம் என்று எதைக் காட்டுவது? ஜாயின்ட் அக்கவுன்ட், வீட்டு வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் நாமினி, பிள்ளையின் பிறப்புச் சான்று. கூடவே இருவரையும் அறிந்த 2 பேரின் சத்தியப் பத்திரம். இங்கேயும் சத்தியம்தான்!

1975-ல் பார்க் என்பவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துச் சொன்னது. பிரிந்து போனார்கள் என்பதை மட்டும் வைத்துப் போலிக் கல்யாணம் என்று முடிவு கட்டக்கூடாது! நிபந்தனைக் கார்டு பிறப்பதற்கு 11 ஆண்டு முன்பே வந்த தீர்ப்பு!

பொய்க் கல்யாணம் செய்தால்? 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். நாகமே தேவலை!

ஐயர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணத்தை அமெரிக்கா ஏற்குமா? ஏற்கும்! நடந்த இடத்துச் சட்டப்படி செல்லுமா என்றுதான் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் அண்ணா ஆட்சியில், 1967-லேயே நிறைவேறிவிட்டது!

இந்து திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்துப் பிரிய முதலில் 1 ஆண்டு தனியாக வாழ வேண்டும். மனுப் போட்ட பிறகு 6 மாதம் காத்திருக்க வேண்டும். மொத்தம் 18 மாதம். கார்டின் ஆயுள் 24. கையில் மிஞ்சுவது 6 மாதம்தான்! அந்தக் காத்திருப்பு 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது பெரிய ஆறுதல்.

அமெரிக்காவில் விவாகரத்தானவர் இந்தியாவில் இன்னும் கல்யாணமானவராகவே இருக்கலாம்! திருப்பதியில் கல்யாணம், மிசோரி மாநிலத்தில் விவாகரத்து. நரசிம்ம ராவ் வழக்கு. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுமணத்துக்கு மண்டபம் பார்க்கும் முன் வக்கீலைப் பாருங்கள்!

சிட்டிசனோடு வாழ்ந்தால் 3 ஆண்டில் குடியுரிமைக்கு மனுப் போடலாம். பிரிந்தால் 5 ஆண்டு. நிபந்தனைக் கார்டில் கழிந்த 2 ஆண்டும் அதில் சேரும். ஒரு நாள்கூட வீணாகாது!

கனடா என்ன செய்தது தெரியுமா? 2012 அக்டோபரில் இதே போல் 2 ஆண்டு நிபந்தனை வைத்தது. கொடுமைக்காரத் துணையிடம் பெண்கள் சிக்கிக்கொள்கிறார்கள் என்று குரல் எழுந்தது. 2017 ஏப்ரலில் மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டது!

கடைசியாக, என் பொக்கிஷம். பெண்டாட்டிக்குக் கிரீன் கார்டு வாங்கும்போது மாப்பிள்ளை ஐ-864 என்ற படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் அளவுக்குத் தாங்குவேன் என்ற உறுதிமொழி அது. விவாகரத்து ஆனாலும் அது சாகாது! கல்யாணத்துக்கு முன் எழுதி வாங்கிய ஒப்பந்தத்தாலும் அதைக் கொல்ல முடியாது என்றது 2016 தீர்ப்பு. "அவள் வேலை தேடவே இல்லை" என்ற சாக்கும் எடுபடாது என்றது 2012 தீர்ப்பு. அது முடிய வேண்டுமென்றால் அந்தப் பெண் சிட்டிசன் ஆகவேண்டும், அல்லது கார்டை விட்டு நாட்டைவிட்டே போகவேண்டும், அல்லது உயிர் பிரியவேண்டும். இல்லையென்றால் அவர் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரவேண்டும்.

அதாவது, 2 ஆண்டுக் கார்டுக்குப் போட்ட ஒரு கையெழுத்து, 10 ஆண்டு உழைப்புச் சேரும் வரை துரத்தும்!