பம்பு எஞ்சினின் இரைச்சலை அடக்கும் வழி

கிணற்றடியில் எஞ்சின் ஓடினால் அக்கம்பக்கம் முழுதும் விழித்துக்கொள்கிறது. நாள்தோறும் அருகில் நிற்பவரின் செவியோ மெல்ல மந்தமாகிறது. இவ்விரைச்சலின் காரணத்தை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

நிமிடத்திற்கு 1,500 சுற்று சுழலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறையாக 750 தடவை எண்ணெய் எரிகிறது. ஒவ்வொரு தடவையும் அழுத்தத்துடன் புகை வெளியே பாய்வதே அவ்வோசை. சைலன்சரின் உள்ளறைகளும் துளைக்குழாய்களும் அப்பாய்ச்சலைத் தணிக்கின்றன.

ஓசை திடீரென மிகுந்தால், எஞ்சின் ஆறிய பின் இணைப்புகளை நோக்குக. கரி படிந்த இடத்தில் புகை கசிகிறது என்று கொள்ளலாம். அங்கே காஸ்கெட்டை மாற்றி, போல்ட்டுகளைச் சமமாக முடுக்க வேண்டும். சைலன்சர் துருவேறி ஓட்டையாகியிருந்தாலும், உள்தகடு கழன்று கடகடத்தாலும், புதியது பொருத்துவதே சிக்கனம்.

துணியையோ கம்பி வலையையோ திணித்து வாயைக் குறுக்குதல் தவறு. புகைக்குப் போக்கிடமின்றி எஞ்சின் சூடேறும், வலு குன்றும், எண்ணெய்ச் செலவும் மிகும்.

புகைக்குழாயைக் கொட்டகைக்கு வெளியே, ஆள் நடமாட்டமற்ற திசையில் திருப்புக. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு; மூடிய அறையில் உயிரையே பறிக்கும். ஆகவே, சைலன்சரின் ஓட்டையை அடைப்பது செவிக்கு மட்டுமன்று, உயிருக்கும் காவல் என்பதை நாம் மறத்தலாகாது.