சனம் பெருகினால், சனம் குறைந்தால்: வீடு காணியின் விலை

ஓர் ஊரில் வீட்டு விலையையும் வாடகையையும் தீர்மானிப்பது எது? வீடு தேடும் குடும்பங்கள் எத்தனை, இருக்கும் வீடுகள் எத்தனை என்பதே முதற் கணக்கு. சனம் ஓரிரவில் பெருகலாம். வீடு ஓரிரவில் எழும்பாது. காணியோ ஒரு குழியேனும் கூடாது.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குப் பெயரத் தொடங்கியதை நாம் மறக்கவில்லை. அங்கிருந்த வீடுகள் முன்னிருந்த அளவே. பாடசாலையும் கோயிலும் மரநிழலும் வீடாயின. 1996இல் பெருந்தொகையானோர் வலிகாமம் திரும்ப, அந்த நெருக்கடி தளர்ந்தது. ஆகவே இடப்பெயர்வினால் ஏறும் விலை நிலையானதன்று. அதே வேளை, விட்டு வந்த ஊரில் வாங்குவாரின்றிக் காணி மலிந்துவிடுகிறது.

அப்படியானால், சனம் குறைந்த இடத்தில் விலை என்றும் குறைவாகவே இருக்குமா? இல்லை. கிளிநொச்சி நீங்கலான யாழ். மாவட்டத்தின் சனத்தொகை 1981இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம். 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். இருந்தும் 2009இன் பின்னர் யாழ். நகர்ப்புறத்தில் பரப்பு விலை ஏறியது. ஏன்? போரில் ஏராளமான வீடுகள் அழிந்திருந்தன. வெளிநாடு சென்றோர் பலர் தம் காணியை விற்கவில்லை. ஆனால் அவர்கள் அனுப்பிய பணம் காணி வாங்க வந்தது. வலிகாமம் வடக்கில் பெருநிலம் அப்போது படையினர் வசம் இருந்தது. எனவே தலைகளை மட்டும் எண்ணினால் போதாது. வாங்குவோரிடம் எவ்வளவு பணம், விற்பனைக்கு எவ்வளவு காணி என்பதையும் பார்க்க வேண்டும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? ஊர்த் தோட்டக்காணியை மலிந்த விலைக்கு விற்று, வந்த இடத்தில் உச்ச விலைக்கு இரண்டு பரப்பு வாங்கும் கமக்காரர் இரு முறை இழக்கிறார். நிலைமை மாறும்போது வந்த இடத்து விலை இறங்கலாம். விற்ற தோட்டமோ திரும்பாது.

ஆகவே மூன்று காரியங்களைக் கவனிப்போம்:

1. இயன்றவரை வாடகைக்கோ குத்தகைக்கோ இருப்போம். உடன்பாட்டை எழுத்தில் வைப்போம். பணம் மிக அவசரமாயின் ஒரு பகுதியை மட்டும் விற்பது பற்றி யோசிப்போம்.

2. காணி உறுதியைப் பத்திரப்படுத்துவோம். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிப்போம்.

3. பிறர் காணியை ஒருவர் 10 ஆண்டுகள் தமதென்றே தடையின்றி ஆண்டால், அதற்கு உரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு. நம் காணியைப் பராமரிப்பவர் உறவினரேயாயினும், நமது அனுமதியுடனேயே இருக்கிறார் என்று எழுதிக் கையொப்பம் பெறுவோம்.